பெயர்கள் மட்டும் உள்ள நினைவிடம்

கொழும்பின் புறநகரான ஸ்ரீ ஜயவர்த்தனபுர கோட்டையில், இலங்கை நாடாளுமன்றம் அமைந்திருக்கும் தியவன்னா ஏரிப் பகுதியில், இந்திய அமைதி காக்கும் படையினருக்காக இலங்கை அரசு எழுப்பிய நினைவிடம் இருக்கிறது. 1987 முதல் 1990 வரை அந்நாட்டின் வடக்கிலும் கிழக்கிலும் கொல்லப்பட்ட ஏறத்தாழ 1,200 இந்தியப் படையினரின் பெயர்கள் அங்கே கறுப்புக் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. தமிழ்நாட்டிலிருந்து கொழும்புக்குச் செல்வோரின் பயணத் திட்டத்தில் இந்த இடம் பெரும்பாலும் இருப்பதில்லை. நான் சென்று பார்த்தேன். பார்த்த பிறகு எழுத வேண்டும் என்று தோன்றினாலும் நெடுநாள் எழுதாமல் இருந்ததற்குக் காரணம், இந்தப் படையைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர் முதல் பத்தியிலேயே தாம் எந்தப் பக்கம் என்று அறிவித்துவிட வேண்டும் என்று நம்மிடையே நிலவும் எதிர்பார்ப்புதான். அங்கே மாண்ட சிப்பாய்க்காக வருந்துவதும், அந்தச் சிப்பாயின் படையால் கொல்லப்பட்ட யாழ்ப்பாணத்து மனிதருக்காக வருந்துவதும் ஒன்றையொன்று விலக்கும் செயல்கள் என்று நான் கருதவில்லை. ஆனால், இந்தப் போரைப் பற்றி இரு நாடுகளிலும் கட்டப்பட்ட நினைவிடங்கள் ஏறக்குறைய அனைத்தும் அப்படித்தான் கருதுகின்றன.

கல்லில் உள்ளவை பெயர்கள். சீக்கியப் பெயர்கள், கூர்க்காப் பெயர்கள், மராட்டியப் பெயர்கள், மலையாளப் பெயர்கள், அவற்றுக்கு நடுவே நம் ஊர்ப் பெயர்கள். அவற்றைப் படித்துக்கொண்டே நடக்கும் ஒருவருக்கு, இவர்களை அழைத்தது யார், இவர்கள் யாரோடு போரிட்டார்கள், போரிட வேண்டிய நிலை ஏன் வந்தது, அழைத்தவர்களே எதற்காகத் திரும்பிப் போகச் சொன்னார்கள் என்ற எதுவும் அந்தப் பெயர்களிலிருந்து தெரிய வராது. நாட்டுக்காக உயிர் நீத்தவர்கள் என்று பொதுவாகச் சொல்லிக் கடந்து போவதற்கும் இங்கே வழியில்லை. எந்த நாட்டுக்காக என்ற கேள்வி உடனே எழுந்துவிடுகிறது. அவர்கள் காத்தது இந்தியாவின் எல்லையை அன்று. இலங்கையின் ஒருமைப்பாட்டுக்காக மாண்டார்கள் என்றால், அந்த ஒருமைப்பாட்டைத் தன் கொள்கையாகக் கொண்டிருந்த இலங்கை அரசே 1989-இல் அவர்களை வெளியேறச் சொன்னது. ஈழத் தமிழரின் பாதுகாப்புக்காக என்றால், அதற்கு யாழ்ப்பாணத்தில் என்ன மறுமொழி கிடைக்கும் என்பதை எல்லோரும் அறிவோம்.

நமது நடுகற்கள் இந்த விஷயத்தில் மிகவும் கறாரானவை. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுக்கப்பட்ட தமிழி (தமிழ்-பிராமி) எழுத்துள்ள நடுகல், கூடலூர் ஆகோளில், அதாவது மாடுகளைக் (ஆநிரை) கவரும் பூசலில், இறந்த தீயன் அந்தவனுக்கு உரியது என்று ஒரே வரியில் பெயர், ஊர், இறப்பின் காரணம் மூன்றையும் சொல்லிவிடுகிறது. செங்கம் பகுதிக் கற்களில் அரசனின் ஆட்சியாண்டும் வரும், யாருடைய சேவகன் என்பதும் வரும், ஆநிரை கவரும்போது பட்டானா மீட்கும்போது பட்டானா என்பதும் வரும். கவர்ந்தவனுக்கும் கல் உண்டு, மீட்டவனுக்கும் கல் உண்டு. அந்த நேர்மை இக்காலத்து அரசுகளுக்குக் கட்டுப்படியாகாத ஒன்று போலும்.

அமைதி காக்கும் படை என்றதும் ஐக்கிய நாடுகள் அமைப்பின் நீலத் தொப்பிகள் நினைவுக்கு வரக்கூடும். இந்தப் படைக்கும் அவ்வமைப்புக்கும் தொடர்பில்லை. 1987 ஜூலை 29 அன்று இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கைக் குடியரசுத் தலைவர் ஜே.ஆர். ஜயவர்த்தனவும் கொழும்பில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி, இரு அரசுகளுக்கு இடையேயான ஏற்பாடாக அது சென்றது. போர் நிறுத்தத்தைக் கண்காணிப்பதும், தமிழ் ஆயுத இயக்கங்கள் ஒப்படைக்கும் ஆயுதங்களைப் பெற்றுக்கொள்வதும், இலங்கை இராணுவம் முகாம்களுக்குத் திரும்புவதை உறுதி செய்வதுமே அதன் பணி. களத்தில் மிக வலிமையான ஆயுத அமைப்பாக இருந்த விடுதலைப் புலிகள் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. மறுநாள் காலை கொழும்பில் அணிவகுப்பு மரியாதையை ஏற்றுக்கொண்டிருந்த ராஜீவ் காந்தியை ஒரு கடற்படைச் சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் தாக்கினார். ஆகஸ்ட் 18 அன்று, இன்று நினைவிடத்துக்கு அருகே நிற்கும் அதே நாடாளுமன்றக் கட்டடத்தில், ஜயவர்த்தன கலந்துகொண்ட ஆளுங்கட்சிக் கூட்டத்தின் மீது கையெறி குண்டு வீசப்பட்டு ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் இறந்தார். தெற்கே சிங்கள இடதுசாரி இயக்கமான ஜனதா விமுக்தி பெரமுன, இந்தியப் படை மண்ணை மிதித்ததையே படையெடுப்பாகச் சித்திரித்து ஆயுதக் கிளர்ச்சியில் இறங்கியது. வடக்கிலிருந்து விடுபட்ட இலங்கை இராணுவத்தை ஜயவர்த்தன அந்தக் கிளர்ச்சியை ஒடுக்கத் தெற்கே திருப்பினார். ஆகவே அமைதிப்படையால் உடனடிப் பயன் அடைந்தது கொழும்பு அரசுதான் என்று சொல்வதில் தவறில்லை.

பலாலி விமானத் தளத்தில் வந்திறங்கிய 54-ஆவது காலாட்படைப் பிரிவினரை யாழ்ப்பாண மக்கள் மகிழ்ச்சியோடு வரவேற்றார்கள். அந்த ஆண்டு மே, ஜூன் மாதங்களில் வடமராட்சியில் இலங்கை இராணுவத்தின் தாக்குதலைக் கண்டிருந்த மக்களுக்கு அது இயல்பான மகிழ்ச்சி. மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் பணியாற்றி ஓய்வு பெற்ற, எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், இதைப் பற்றிக் கேட்டால் நெடுநேரம் பேசமாட்டார். ஒரு முறை மட்டும், "எறங்குனப்ப மாலை போட்டாங்க தம்பி. தமிழ்ல பேசுனா அப்படியே கையப் புடிச்சுக்குவாங்க. தீபாவளிக்குள்ள எல்லாம் மாறிப்போச்சு" என்றார். அந்தத் தீபாவளி அக்டோபர் 21. அவர் அந்த நாளைக் குறிப்பிட்டது தற்செயலா என்று நான் கேட்கவில்லை.

இடையில் நடந்தவற்றை வரிசையாகச் சொல்லிவிடலாம். செப்டம்பர் 15 அன்று நல்லூரில் ஐந்து கோரிக்கைகளை முன்வைத்து நீர்கூட அருந்தாமல் உண்ணாநோன்பு தொடங்கிய புலிகளின் திலீபன் 26 அன்று இறந்தார். அக்டோபர் தொடக்கத்தில் இலங்கைக் கடற்படை கடலில் பிடித்த புலிகளின் உறுப்பினர்கள் 17 பேர் பலாலியில் வைக்கப்பட்டிருந்தனர். அவர்களைக் கொழும்புக்குக் கொண்டு செல்வதைத் தடுக்க இந்தியத் தரப்பால் இயலாமல் போனதால், அக்டோபர் 5 அன்று அவர்கள் சயனைட் அருந்தினர். தளபதிகள் குமரப்பா, புலேந்திரன் உட்படப் பன்னிருவர் இறந்தனர். அதை அடுத்துக் கிழக்கில் சிங்களப் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள், இந்தியப் படையினர் மீதும் தாக்குதல் தொடங்கியது. அக்டோபர் 10 அன்று 'ஆபரேஷன் பவன்' என்ற பெயரில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றும் போர் ஆரம்பமாயிற்று. இரண்டே மாதங்களில் அமைதிப்படை என்ற பெயர் மட்டும் அப்படியே இருக்க, படை வேறொன்றாகிவிட்டது.

இந்தப் போரின் நினைவுகள் எவ்வாறு பிரிந்து கிடக்கின்றன என்பதை விளங்கிக்கொள்ள ஓர் இரவும் ஒரு பகலும் போதும். அக்டோபர் 11 நள்ளிரவு கடந்த வேளையில், புலிகளின் தலைமையைப் பிடிக்கும் நோக்கத்துடன், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகாப்டர்களிலிருந்து பாரா கமாண்டோக்களும் 13-ஆவது சீக்கிய இலகு காலாட்படையின் ஒரு பிளட்டூனும் இறக்கப்பட்டனர். திட்டம் புலிகளுக்கு முன்கூட்டியே தெரிந்துபோயிருந்தது. இறங்கும் வீரர்களைச் சுற்றிலுமிருந்து சுட்டார்கள். ஹெலிகாப்டர்கள் சேதமடைந்ததால் மேற்கொண்டு துருப்புகளை இறக்குவது நிறுத்தப்பட்டது. இறங்கிய சீக்கிய வீரர்கள் 30 பேரும் தனித்து விடப்பட்டனர். தோட்டாக்கள் தீரும் வரை போரிட்ட அவர்களில் 29 பேர் இறந்தார்கள், ஒருவர் சிறைப்பட்டார். பாரா கமாண்டோக்களில் ஆறு பேர் இறந்தனர். அனுப்பப்பட்ட பிறகு கைவிடப்பட்ட சிப்பாய்களின் கதையாக இதை இந்திய இராணுவத்தினர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வருத்தம் நியாயமானது. புறப்படும்போது அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட உளவுத் தகவலும் வரைபடமும் எந்த அளவுக்குப் பயனற்றவை என்பதை அந்தப் படையில் இருந்த அதிகாரிகளே பின்னாளில் எழுதியிருக்கிறார்கள்.

அதே வளாகத்தை ஒட்டிய கொக்குவில் பிரம்படி ஒழுங்கையில் (சந்தில்), அதே நாட்களில், போரில் எந்தப் பங்கும் இல்லாத பொதுமக்கள் ஏறத்தாழ ஐம்பது பேர் இந்தியப் படையினரால் கொல்லப்பட்டார்கள். அவர்களில் சிலர் டாங்கிகளின் அடியில் நசுங்கி இறந்ததாகத் தப்பியவர்கள் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். புலிகளின் தலைவர் தங்கியிருந்ததாக நம்பப்பட்ட இடம் அந்த ஒழுங்கைதான். சீக்கிய வீரர்கள் இறந்த மைதானத்துக்கும் பிரம்படிக்கும் இடையே உள்ள தூரம் சிறிது நேர நடை. ஆனால், சிப்பாய்களின் பெயர்கள் 300 கிலோமீட்டருக்கும் அப்பால் தலைநகரில் இருக்கின்றன. பிரம்படியில் இறந்தவர்களை அந்த ஒழுங்கைக்காரர்கள் ஆண்டுதோறும் தாங்களே நினைவுகூர்கிறார்கள். ஒரு நினைவிடத்தில் நிற்பவருக்கு மற்றது இருப்பதே தெரியாது.

தீபாவளியன்று யாழ்ப்பாணப் போதனா மருத்துவமனைக்குள் இந்தியப் படையினர் நுழைந்தபோது நிகழ்ந்ததைப் பற்றி இந்தியத் தரப்பு தந்த விளக்கம், உள்ளிருந்து புலிகள் சுட்டதால் இருதரப்பு மோதலில் மக்கள் சிக்கினார்கள் என்பது. மருத்துவமனையில் புலிகளின் நடமாட்டம் இருந்ததையும், வெளியேறுமாறு மருத்துவர்கள் அவர்களை வேண்டியதையும் பிழைத்தவர்கள் மறைக்கவில்லை. ஆனால், மறுநாள் காலையில் கைகளை உயர்த்திக்கொண்டு, தாங்கள் மருத்துவப் பணியாளர்கள் என்று உரக்கச் சொல்லியபடி வெளியே வந்த குழந்தை நல மருத்துவர் சுடப்பட்டதை மோதல் என்ற சொல்லால் விளக்க முடியாது. நோயாளிகளும் பணியாளர்களுமாக ஏறத்தாழ 70 பேர் அந்த இரு நாட்களில் இறந்தார்கள். அவர்களில் 21 பேர் மருத்துவர்கள், தாதியர், ஊழியர்கள். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 21 அன்று மருத்துவமனைக்குள் அவர்களுடைய படங்களுக்கு முன் விளக்கேற்றுகிறார்கள். 1989 ஆகஸ்ட் தொடக்கத்தில் வல்வெட்டித்துறையில், கடைத்தெருவில் தங்கள் ரோந்து அணி தாக்கப்பட்டதற்குப் பழிவாங்கும் விதமாக இந்தியப் படையினர் 60-க்கும் மேற்பட்ட பொதுமக்களைக் கொன்றார்கள். அந்த ஊரும் தன் இறந்தவர்களைத் தானே நினைவுகூர்கிறது.

இவற்றை எல்லாம் அன்றே பதிவு செய்தவர்களில் முக்கியமானவர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்த ராஜினி திராணகம. இந்தியப் படையின் வன்முறைகளை, குறிப்பாகப் பெண்கள் மீதான கொடுமைகளை, வீடு வீடாகச் சென்று எழுதி வைத்தார். புலிகளின் வன்முறைகளையும் அதே கண்டிப்போடு எழுதினார். 1989 செப்டம்பர் 21 அன்று, பல்கலைக்கழகத்திலிருந்து மிதிவண்டியில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக்கொல்லப்பட்டார். கொன்றவர்கள் புலிகள் என்பதே அவருடன் பணியாற்றியவர்களின் உறுதியான நிலைப்பாடு. இரண்டு பக்கத்து இறந்தவர்களையும் ஒரே ஏட்டில் எழுத முயன்றவருக்கு யாழ்ப்பாணத்தில் கிடைத்த இடம் அவ்வளவுதான்.

சிப்பாய்களின் பக்கம் திரும்புகிறேன், ஏனெனில் இந்தக் கட்டுரை அவர்களுடைய நினைவிடத்தைப் பற்றியது. 1987 நவம்பர் 25 அன்று இரவு, கந்தரோடைப் பகுதியில் தேடுதல் பணி முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த 8-ஆவது மகார் படையணியின் ஓர் அணியைப் புலிகள் பதுங்கியிருந்து தாக்கினார்கள். அந்த அணிக்குத் தலைமை தாங்கிய மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், மார்பில் குண்டு பாய்ந்த பிறகும் தாக்கியவரிடமிருந்து துப்பாக்கியைப் பறித்து அவரைச் சுட்டுவிட்டு, உயிர் பிரியும் வரை தன் வீரர்களுக்கு ஆணையிட்டுக்கொண்டிருந்தார். பம்பாயில் பிறந்த தமிழர் அவர். இந்தப் போரில் இந்தியாவின் மிக உயர்ந்த போர்க்கால வீர விருதான பரம வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவரே. சென்னை ஆற்காடு சாலையில் உள்ள இராணுவக் குடியிருப்புக்குப் பரமேஸ்வரன் விகார் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர்ப் பலகையைக் கடந்து தினமும் பேருந்தில் செல்லும் எத்தனை பேருக்கு அவர் எங்கே, யாரோடு போரிட்டு இறந்தார் என்பது தெரிந்திருக்கும் என்று யோசித்ததுண்டு. ஒரு தமிழர், தமிழ் ஊர் ஒன்றில், தமிழரின் குண்டால் இறந்தார் என்பதைச் சொல்லத் தொடங்கினால், அதற்கு மேல் சொல்ல வேண்டியவை மிக நீளமானவை. பெயரோடு நிறுத்திக்கொள்வதே எல்லோருக்கும் வசதி.

1988 நவம்பரில் வடக்கு கிழக்கு மாகாண சபைக்குத் தேர்தல் நடந்து, இந்திய ஆதரவு பெற்ற தமிழ் இயக்கமான ஈ.பி.ஆர்.எல்.எப்.-இன் ஆட்சி அமைந்தது. படை வெளியேறும் நாள் நெருங்கியபோது, தமிழ்த் தேசிய இராணுவம் என்ற பெயரில் இளைஞர்களையும் பள்ளிச் சிறுவர்களையும் அந்த இயக்கம் வீதிகளிலிருந்து பிடித்துச் சென்று ஆயுதம் கொடுத்தது. அது இந்தியப் படையின் அறிவோடும் துணையோடும் நடந்தது. அந்தப் படை கப்பலேறியதும் அந்தப் பிள்ளைகளில் பலர் புலிகளால் கொல்லப்பட்டார்கள். ஸ்ரீ ஜயவர்த்தனபுர கோட்டையின் கல்லிலும் அவர்கள் இல்லை, புலிகளின் மாவீரர் பட்டியலிலும் இல்லை, இலங்கை அரசின் எந்தச் சுவரிலும் இல்லை. இந்தப் போரில் முற்றிலும் உரிமை கோரப்படாத இறந்தவர்கள் யார் என்று கேட்டால் நான் அவர்களைத்தான் சொல்வேன்.

1989 ஜனவரியில் குடியரசுத் தலைவரான ரணசிங்க பிரேமதாச, ஜூலை இறுதிக்குள் இந்தியப் படை வெளியேற வேண்டும் என்று அதே ஆண்டு ஜூன் மாதம் பகிரங்கமாக அறிவித்தார். அதே காலத்தில் அவருடைய அரசு, இந்தியப் படையோடு போரிட்டுக்கொண்டிருந்த புலிகளுக்கு ஆயுதங்களையும் வழங்கியது. அழைத்த நாட்டின் அரசே அழைக்கப்பட்ட படையைக் கொல்ல ஆயுதம் கொடுத்தது என்பது எந்த நினைவிடத்திலும் எழுதக்கூடிய செய்தி அன்று. படையின் கடைசி அணி 1990 மார்ச் 24 அன்று திருகோணமலையிலிருந்து கப்பலேறியது. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்கச் செல்லமாட்டேன் என்ற நிலைப்பாட்டில் அன்றைய தமிழக முதல்வர் கருணாநிதி சென்னைத் துறைமுக வரவேற்புக்குப் போகவில்லை. அவர் அன்று செய்தது சரியா தவறா என்று இன்றும் வாதிடுகிறார்கள். என் கருத்தில், ஒரு மாநில முதல்வர் தன் மக்களின் கோபத்தைத் தெரிவிப்பதற்கு அந்தச் சிப்பாய்களைத் தேர்ந்தெடுத்தது சரியான இடத்தில் வைக்கப்பட்ட கோபம் அன்று. அவர்களை அனுப்பியவர்கள் தில்லியில் இருந்தார்கள். ஆயினும் அந்தக் கோபத்துக்குக் காரணமே இல்லை என்று வாதிடுபவர்களோடும் என்னால் சேர முடியவில்லை. ஓராண்டுக்குப் பிறகு, 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதும், தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு முழுவதுமே வேறு திசைக்குப் போய்விட்டது.

விந்தை என்னவென்றால், படையினருக்கு நினைவிடம் அமைக்கும் யோசனை முதலில் எழுந்ததும் பிரேமதாசவின் ஆட்சிக்காலத்தில்தான். போகச் சொன்னவரே கல் நட எண்ணினார். ஆனால் அது கட்டி முடிக்கப்பட்டது 2008-இல், அதாவது இலங்கை அரசு புலிகளோடு இறுதிப் போரை நடத்திக்கொண்டிருந்த, இந்தியாவின் நல்லெண்ணம் மிகவும் தேவைப்பட்ட ஆண்டில். கட்டிய பிறகும் முதல் அதிகாரபூர்வ அஞ்சலி 2010 ஆகஸ்ட் 15 அன்றுதான் நடந்தது. இந்தியத் தூதர் அசோக் காந்தா மலர்வளையம் வைத்தார். இலங்கை அரசின் சார்பில் எவரும் வராததை அப்போரில் பணியாற்றிய முன்னாள் படைவீரர்கள் குறை கூறினார்கள். அந்தக் குறை நியாயமானதே என்றாலும், வந்திருந்தால் அந்தப் பிரதிநிதி என்ன பேசியிருப்பார் என்று எண்ணிப் பார்த்தால், வராததன் காரணம் புரியும்.

2015 மார்ச்சில் இலங்கை சென்ற பிரதமர் மோடி அங்கே அஞ்சலி செலுத்தினார். 2025 ஏப்ரலில் மீண்டும் செலுத்தினார். இரண்டாவது முறை அவரை வரவேற்ற குடியரசுத் தலைவர் அநுர குமார திசாநாயக்க, ஒரு காலத்தில் இந்தியப் படையை எதிர்த்து ஆயுதம் ஏந்திய, இந்தியப் பொருள்களை விற்கக்கூடாது என்று கடைக்காரர்களை மிரட்டிய அதே ஜனதா விமுக்தி பெரமுனவின் தலைவர். அரசியலில் காலம் எல்லாவற்றையும் வழுவழுப்பாக்கிவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. அந்த வழுவழுப்பு சாத்தியமானதற்கு ஒரு காரணம், நினைவிடத்தில் பெயர்களுக்கு மேல் எதுவும் இல்லாததுதான் என்று நினைக்கிறேன். காரணம் எழுதப்பட்ட கல்லின் முன் எல்லாக் கட்சியினரும் நிற்க முடியாது.

வடக்கிலும் நினைவிடங்கள் உண்டு. பலாலி இராணுவ வளாகத்துக்குள் இந்தியப் படையினர் 33 பேரின் பெயர்களைக் கொண்ட நினைவிடம் புதுப்பிக்கப்பட்டு 2015 ஜூனில் திறந்து வைக்கப்பட்டது. முல்லைத்தீவில் வற்றாப்பளை இராணுவ முகாமுக்குள் இன்னொன்று இருக்கிறது. இரண்டுமே இலங்கை இராணுவத்தின் வேலிக்கு உள்ளே இருப்பவை. 2019 அக்டோபரில் பலாலி விமானத் தளம் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகி, சென்னையிலிருந்து விமானங்கள் வரத் தொடங்கியபின், இந்தியப் படை வந்திறங்கிய அதே தளத்தில் இன்று தமிழ்நாட்டுப் பயணிகள் பைகளோடு இறங்குகிறார்கள். அருகிலேயே இந்தியச் சிப்பாய்களுக்கு ஒரு கல் இருப்பது அவர்களுக்குத் தெரியாது, தெரிந்தாலும் நினைத்தவுடன் போய்ப் பார்க்க முடியாது.

இதை வடக்கின் மற்ற நினைவிடங்களோடு சேர்த்துப் பார்த்தால்தான் முழுப் படமும் கிடைக்கும். புலிகளின் கல்லறைத் தோட்டங்களான துயிலும் இல்லங்களைப் போர் முடிந்ததும் இராணுவம் புல்டோசர் கொண்டு அழித்தது. கோப்பாய்த் துயிலும் இல்லம் இருந்த இடத்தில் 2011-இல் 51-ஆவது படைப்பிரிவின் தலைமையகம் எழுந்தது. முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களுக்காக யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் அமைத்திருந்த நினைவுத்தூபி 2021 ஜனவரி 8 இரவு இடிக்கப்பட்டு, பெரும் எதிர்ப்புக்குப் பிறகு மீண்டும் கட்டப்பட்டது. நாற்பதாண்டுகளுக்கு முன் சீக்கியச் சிப்பாய்கள் இறந்த வளாகமும் அதுவே. பிள்ளை புலியாக இருந்து இறந்தால் அவனுடைய தாய்க்கு விளக்கு வைக்கக் கல்லறை இல்லை. அந்தப் பிள்ளையோடு போரிட்டு இறந்த அயல்நாட்டுச் சிப்பாய்க்குத் தலைநகரில் கறுப்புக் கல்லும் அரச மலர்வளையமும் உண்டு. அந்தத் தாயிடம் போய் இந்திய நினைவிடத்தின் நியாயத்தை யாராலும் பேச முடியாது. அதற்குச் சிப்பாய் பொறுப்பல்லன், ஆனால் அந்தக் கல் அங்கே எப்படி வாசிக்கப்படுகிறது என்பதை இது முடிவு செய்துவிடுகிறது.

இந்தியாவிலும் இப்படையினரை நினைவுகூர்வதில் நெடுங்காலம் ஒரு கூச்சம் இருந்தது. கார்கிலுக்கும் 1971-க்கும் வெற்றி நாள்கள் உண்டு. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்த ஆபரேஷன் பவனுக்கு அப்படி ஒரு நாள் இல்லாததால், அதில் பணியாற்றியவர்கள் தாமாகவே கூடி அஞ்சலி செலுத்திவந்தார்கள். 2019 பிப்ரவரி 25 அன்று தில்லியில் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்தின் தியாகச் சக்கரச் சுவர்களில், சுதந்திரத்துக்குப் பின் இறந்த 25,000-க்கும் மேற்பட்ட படையினரின் பெயர்களோடு இவர்களுடைய பெயர்களும் சேர்ந்தன. பரமேஸ்வரனின் மார்பளவுச் சிலையும் அங்கே உள்ளது. பலருக்கு நடுவே ஒருவராக நிற்பதில் ஒரு பாதுகாப்பு உண்டு. தனியாக நிறுத்தினால் எதற்காக என்று யாராவது கேட்பார்கள்.

என் ஓய்வு பெற்ற நண்பரிடம் கோட்டை நினைவிடத்தில் எடுத்த படங்களைக் காட்டியபோது, அவர் தம் படையணியில் இறந்தவர்களின் பெயர்களைத் தேடினார். எழுத்து சிறிதாக இருந்ததால் பெரிதாக்கிக் காட்டினேன். ஒருவரைக் கண்டுபிடித்ததும், "இவன் எங்க விழுந்தான்னு போட்டிருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "போட்டிருக்கலாம்" என்றார். இறந்தவனின் ஊர்க்காரர்களிடம் அந்த இடத்தைச் சொல்ல வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் எண்ணம். அவருக்கே அந்த ஊரின் பெயர் சரியாக நினைவில் இல்லை. முல்லைத்தீவுக் காட்டுப் பக்கம் என்பதோடு நின்றுவிடுகிறார்.

ஆகவே நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இறந்த ஒவ்வொருவரின் படையணி, இறந்த நாள், இறந்த இடம் ஆகியவை இந்திய இராணுவத்தின் ஆவணங்களில் இருக்கும். அவற்றைப் பெயர்களோடு சேர்த்துப் பொறிக்க இரு அரசுகளும் உடன்பட்டால் போதும். கந்தரோடை, கொக்குவில், வல்வெட்டித்துறை, முல்லைத்தீவு என்று ஊர்ப் பெயர்கள் அந்தக் கல்லில் ஏறினாலே, வாசிப்பவர் அந்த ஊர்களில் அந்த நாட்களில் வேறு யார் இறந்தார்கள் என்று தேடிப் பார்க்க வழி பிறக்கும். 2015 மார்ச்சில் யாழ்ப்பாணத்துக்கு வந்த முதல் இந்தியப் பிரதமர், பண்பாட்டு மையத்துக்கு அடிக்கல் நாட்டினார், கீரிமலை நகுலேஸ்வரத்தில் வழிபட்டார், இளவாலையில் இந்திய உதவியால் கட்டப்பட்ட வீடுகளைக் கையளித்தார். போதனா மருத்துவமனை அந்தப் பயணத் திட்டத்தில் இல்லை. அடிக்கல் நாட்டிய இடத்திலிருந்து அது நடந்து செல்லும் தூரம்தான். அடுத்து வரும் பிரதமரோ தூதரோ கோட்டையில் ஒரு மலர்வளையமும், அந்த மருத்துவமனையில் இறந்த பணியாளர்களின் படங்களுக்கு முன் ஒரு மலர்வளையமும் வைக்கலாம். இரண்டையும் ஒரே பயணத்தில் வைப்பதற்கு ஒப்பந்தமோ சட்டத் திருத்தமோ தேவையில்லை, தில்லியின் ஒப்புதல் ஒன்றே தேவை.